உடன்படிக்கை தெரியாமல் தலைமைத்துவப் பயிற்சி இல்லை: சஸ்கடூனிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இது. நீங்கள் கனடாவின் சஸ்கடூனில் ஒரு கல்லூரியின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். பூர்வகுடி இளைஞர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்று, மற்ற ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் உடன்படிக்கைக் கல்வி (பூர்வகுடிகளும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பற்றிய பாடம்) ஒன்று என இரண்டு திட்டங்கள் உங்கள் பொறுப்பில் வந்திருக்கின்றன. இதை நன்றாகச் செய்கிறவர்கள் யார், தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் இதில் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்கிறேன்: இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைக்காதீர்கள். கனடாவில் 'பூர்வகுடித் தலைமைத்துவம்' என்ற பெயரில் நடக்கும் பயிற்சிகளில் பாதி, பட்ஜெட் போடுவது, கூட்டம் நடத்துவது, அரசுக்கு அறிக்கை எழுதுவது ஆகியவற்றைத்தான் சொல்லித் தருகின்றன. அவை தேவைதான். ஆனால் அந்தப் பயிற்சி உருவாக்குவது அலுவலக மேலாளர்களை. ஒரு முதற்குடித் தலைவர் (முதற்குடி என்பது 'ஃபர்ஸ்ட் நேஷன்' எனப்படும் பூர்வகுடிச் சமூகம்) ஒட்டாவாவோடு, அதாவது மத்திய அரசோடு, பேச உட்காரும்போது எந்த அடிப்படையில் உட்காருகிறார் என்ற கேள்விக்கு விடை உடன்படிக்கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது நிர்வாகம் மட்டுமே.

நீங்கள் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். சஸ்கடூன், ஆறாம் உடன்படிக்கையின் நிலப்பரப்பில் இருக்கிறது; பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பில் உருவான மெட்டி மக்களின் தாயகமும் அதுவே. 1871 முதல் 1921 வரை பிரிட்டிஷ் அரச முடியின் பெயரால் முதற்குடிகளோடு கையெழுத்தான எண்ணிட்ட உடன்படிக்கைகள் மொத்தம் 11. ஆறாவது, 1876 ஆகஸ்ட் 23 அன்று கார்ல்டன் கோட்டையில் கையெழுத்தானது. அரசின் தரப்பில் அலெக்சாண்டர் மோரிஸ். கிரீ மக்களின் தரப்பில் மிஸ்டவாசிஸ், அடாக்ககூப் ஆகிய மூத்த தலைவர்கள். அப்போது அந்த மக்களின் நிலைமை மோசம். 1870ஐ ஒட்டிப் பரவிய பெரியம்மை பல குடும்பங்களை முழுசாக அழித்திருந்தது. உணவுக்கு ஆதாரமான காட்டெருமைகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன.

இதனால் அவர்கள் கையேந்திக் கையெழுத்துப் போட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேரம் கடுமையாகவே நடந்தது. இளம் தலைவரான பவுண்ட்மேக்கர் எழுந்து, இந்த நிலம் எங்களுடையது, இறைச்சிக் கட்டியை வெட்டித் துண்டு துண்டாக எங்களுக்கே திருப்பித் தருவதுபோல் இதைத் தர முடியாது என்று எதிர்த்தார். முந்தைய உடன்படிக்கைகளில் இல்லாத இரண்டு வாக்குறுதிகளைக் கிரீ தலைவர்கள் கேட்டு வாங்கினார்கள். கொள்ளைநோயோ பஞ்சமோ வந்தால் உதவி என்பது ஒன்று. முதற்குடிகளைக் கவனிக்கும் அரசு அதிகாரியான ஒவ்வொரு இந்தியன் ஏஜெண்டின் வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும் என்பது இன்னொன்று.

அந்த மருந்துப் பெட்டியின் பிற்காலக் கதையை மட்டும் வைத்தே இரண்டு நாள் வகுப்பு எடுக்கலாம். 1935இல் மிஸ்டவாசிஸ் குடியின் தலைவர் ட்ரீவர் தொடுத்த வழக்கில், எல்லா மருந்துகளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள் என்று கனடாவின் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் ஏற்றது. 1966இல் சஸ்காட்சவான் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதையே சுருக்கி, ஏஜெண்ட் வீட்டில் ஒரு பெட்டி, அவ்வளவுதான் என்று படித்தது. அதே வரிதான், 31 ஆண்டு இடைவெளியில் இரண்டு கனடா. சுகாதாரம் எங்கள் உடன்படிக்கை உரிமை என்று முதற்குடிகளும், அது நாங்கள் கொள்கை முடிவாகத் தரும் சேவை என்று ஒட்டாவாவும் இன்னமும் வாதிடுகிறார்கள். நாளை ஒரு கவுன்சிலில் உட்காரப் போகும் இளைஞருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால், உரிமையாகக் கேட்க வேண்டியதை மானியமாகக் கேட்டுவிட்டு வருவார்.

எழுத்தில் இருப்பது ஒன்று, பேச்சில் கொடுத்தது ஒன்று என்பதும் இந்தக் கல்வியின் மையம். ஆங்கில வாசகத்தின்படி நிலத்தின் மேலுள்ள எல்லா உரிமையும் அரச முடிக்கு ஒப்படைக்கப்பட்டது. மூத்தோர் வாய்வழியாகக் காத்து வந்த விவரிப்போ, நிலத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தோம், அதுவும் ஏர் உழும் ஆழம் வரைதான் என்கிறது. சஸ்காட்சவானின் பொட்டாஷ், யுரேனியச் சுரங்கங்களை நினைத்துப் பார்த்தால் அந்த 'ஏர் உழும் ஆழம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வாய்மொழி என்றால் நம்ப முடியாது என்று யாராவது வகுப்பில் சொன்னால், மனிடோபாவில் 1871இல் போட்ட முதலாம் உடன்படிக்கையைக் காட்டுங்கள். அங்கே வாயால் சொன்ன பல வாக்குறுதிகள் தாளில் ஏறவே இல்லை. முதற்குடிகள் விடாமல் முறையிட்டு, 1875இல் அரசே அவற்றில் சிலவற்றை ஒப்புக்கொண்டு இணைத்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 3 டாலர் தருவோம் என்றிருந்ததும் 5 டாலரானது. அந்த 5 டாலர் இன்றைக்கும் 5 டாலர்தான். ஆண்டுதோறும் உடன்படிக்கை நாளில் அதே தொகையைத் தருகிறார்கள்.

அடுத்து இந்தியன் சட்டம். அதே 1876இல், கார்ல்டன் கோட்டைப் பேச்சுக்கு நான்கு மாதம் முன்பு, ஒட்டாவா நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியிருந்தது. பேச்சுவார்த்தையில் இதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. ஒரு பக்கம் நாடும் நாடும் பேசுவதுபோல் உடன்படிக்கை, மறுபக்கம் அதே மக்களைச் சிறுபிள்ளைகளாக நடத்தும் சட்டம். பேண்ட் (சட்டம் அங்கீகரிக்கும் முதற்குடிக் குழு) கவுன்சில் என்ற அமைப்பு, அதன் தேர்தல், அதன் அதிகார எல்லை எல்லாம் இந்தச் சட்டத்தின் பிள்ளைகள். பெண்கள் பேண்ட் தேர்தலில் வாக்களிக்கவே 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காக அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே குற்றம். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துவைக்க அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் சுமார் 1,50,000 குழந்தைகள் அடைபட்டார்கள். அடுத்த தலைமுறைத் தலைவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லித் தர வேண்டிய வயதில் அந்தப் பிள்ளைகள் வீட்டிலேயே இல்லை. ஆக, தலைமைத்துவப் பயிற்சி என்று நாம் நடத்துவது இல்லாத திறமையை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பதல்ல. திட்டமிட்டு அறுக்கப்பட்ட ஒரு தொடர்ச்சியை மறுபடி கட்டும் வேலை அது. இந்த நினைப்பு இல்லாமல் 'திறன் மேம்பாடு' என்று பவர்பாயிண்ட் தயாரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

சரி, யார் நன்றாகச் செய்கிறார்கள்?

உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். சஸ்காட்சவானின் உடன்படிக்கை ஆணையர் அலுவலகம் 1989இல் மத்திய அரசும் சஸ்காட்சவான் முதற்குடிகளின் கூட்டமைப்பும் சேர்ந்து ஏற்படுத்தியது. முதல் ஆணையர் கிளிஃப் ரைட், சஸ்கடூனின் முன்னாள் மேயர். அவர் மேயராக இருந்த காலத்தில்தான் மஸ்கெக் லேக் கிரீ மக்கள் நகரத்துக்குள் ஒரு ரிசர்வ் (முதற்குடிக்கென ஒதுக்கிய நிலம்) அமைப்பது பற்றி நகராட்சியோடு பேசினார்கள். 1988இல் அது உருவானது. இன்று சதர்லேண்ட் பகுதியில் அலுவலகங்களும் கடைகளுமாக நிற்கிறது. உடன்படிக்கைப்படி தர வேண்டியிருந்தும் கொடுக்காமல் விட்ட நிலத்தின் கடனைத் தீர்க்கும் கட்டமைப்பு ஒப்பந்தம் 1992 செப்டம்பரில், உங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் வனுஸ்கேவினில், 25 முதற்குடிகளோடு கையெழுத்தானது. தொகை 400 மில்லியன் டாலருக்கு மேல். பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் வாரத்திலேயே மஸ்கெக் லேக் ரிசர்வுக்கு அழைத்துப் போங்கள். உடன்படிக்கை என்பது அருங்காட்சியகப் பொருளல்ல, வாடகையும் வரி ஒப்பந்தமும் குடிநீர்க் குழாயுமாக நடந்துகொண்டிருக்கும் உறவு என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

இந்த அலுவலகம்தான் பள்ளிகளுக்கான பாடப் பெட்டியைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மூத்தோரை வகுப்பறைக்கு அழைத்து வந்தது. அதன் விளைவாக 2007இல் சஸ்காட்சவான் மழலையர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை உடன்படிக்கைக் கல்வியைக் கட்டாயமாக்கியது. கனடாவில் அப்படிச் செய்த முதல் மாகாணம் அது. 2013இல் வந்த கற்றல் விளைவுகள் நான்கு இழைகளாக ஓடுகின்றன: உடன்படிக்கை உறவு, அதன் உட்கருத்தும் நோக்கமும், வரலாற்றுச் சூழல், வாக்குறுதிகள். இரண்டாவது இழையில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். காரணம், அது புத்தகத்தில் இல்லை; மூத்தோரிடம் இருக்கிறது. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 2017இல் மாகாணக் கல்வி அமைச்சரே, பூர்வகுடி விஷயங்கள் பாடத்திட்டத்தில் அளவுக்கு மீறிக் கலந்துவிட்டன என்ற தொனியில் சட்டமன்றத்தில் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. கட்டாயம் என்று அரசாணை போட்டாலும் அது எப்போது வேண்டுமானாலும் நீர்த்துப்போகலாம் என்பதை மனதில் வையுங்கள்.

கல்விக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்புக்கு உங்கள் ஊரே உதாரணம். 2012 நவம்பரில் சஸ்கடூனின் மேற்குப் பகுதியில், ஸ்டேஷன் 20 வெஸ்ட் என்ற சமூகக் கூடத்தில், நான்கு பெண்கள் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினார்கள்: ஜெசிகா கார்டன், சில்வியா மக்கேடம், நீனா வில்சன், ஷீலா மக்லீன். முதல் மூவர் பூர்வகுடிகள். நான்காமவர் குடியேறியோர் வழிவந்த ஆசிரியர். நீர்நிலைப் பாதுகாப்பையும் ரிசர்வ் நிலங்களையும் பாதிக்கும் ஒரு மத்திய மசோதாவை உடன்படிக்கையின் வெளிச்சத்தில் படித்துக் காட்டுவதுதான் அன்றைய வேலை. சில வாரங்களில் அது 'ஐடில் நோ மோர்' என்ற பெயரில் நாடு முழுவதும் பரவி, வணிக வளாகங்களில் வட்ட நடனமாகவும் நெடுஞ்சாலை மறியலாகவும் மாறியது. சான்றிதழ் கொடுத்த எந்த நிறுவனமும் அதற்குப் பின்னால் இல்லை. ஒரு மசோதாவையும் ஒரு உடன்படிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் பயிற்சியின் இறுதித் தேர்வாக இதையே வைக்கலாம்.

மனிடோபாவில் 2003 முதல் உடன்படிக்கை உறவுகள் ஆணையம் இருக்கிறது. மத்திய அரசும் மனிடோபா தலைவர்கள் பேரவையும் சேர்ந்து ஏற்படுத்தியது. அதன் பள்ளித் திட்டமும் பேச்சாளர் குழுவும் நல்ல தரம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கிழக்குக் கரையில் மிக்மாக் மக்கள் செய்வது. அவர்களுடைய உடன்படிக்கைகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமைதி, நட்பு உடன்படிக்கைகள். அவற்றில் நிலத்தை ஒப்படைக்கும் பேச்சே கிடையாது. டொனால்ட் மார்ஷல் ஜூனியர் என்ற மிக்மாக்காரர், செய்யாத கொலைக்காக 11 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வந்தவர். 1993இல் 463 பவுண்டு விலாங்கு மீன் பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். உரிமம் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 1760-61 உடன்படிக்கைகளைக் காட்டி அவர் வாதாட, 1999 செப்டம்பர் 17இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், மிதமான வாழ்வாதாரத்துக்காக மீன்பிடித்து விற்கும் உரிமை மிக்மாக்குகளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த கையோடு, நியூ பிரன்ஸ்விக்கின் பர்ன்ட் சர்ச்சில் மற்ற மீனவர்கள் மிக்மாக்குகளின் பொறிகளை நாசமாக்கினார்கள். சரியாக 21 ஆண்டு கழித்து, 2020இல், நோவா ஸ்கோஷாவில் சிபெக்னகாடிக் குடியினர் அதே உரிமையில் சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியபோது, அவர்கள் பிடித்ததை வைத்திருந்த கிடங்கு எரிந்தது. நீதிமன்றத்தில் வென்ற உரிமையை அக்கம்பக்கத்துக்காரர் ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இதை உணர்ந்துதான் 2015 அக்டோபர் 1, உடன்படிக்கை நாளில், மிக்மாக் தலைமையும் நோவா ஸ்கோஷா அரசும் பள்ளிகள், அரசு ஊழியர்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்புக்குமான உடன்படிக்கைக் கல்விக்குக் கையெழுத்திட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜேமி பாட்டிஸ்ட் 2019இல் முதல் மிக்மாக் எம்.பி.யாக நாடாளுமன்றம் போனார். தங்கள் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பை மிக்மாக் சமூகங்கள் 1990களின் இறுதியிலிருந்து, மிக்மாக் கினாமட்னேவே என்ற சொந்த அமைப்பு வழியாகத் தாங்களே நடத்துகின்றன. பள்ளி முடிப்போர் விகிதம் அங்கே 90 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. ரிசர்வ் பள்ளிகளின் கனடா நிலவரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

தலைமைத்துவத்துக்கென்றே இருக்கும் இடங்களில், 1970களில் தொடங்கிய பான்ஃப் மையத்தின் பூர்வகுடித் தலைமைத்துவத் திட்டம் பழையது, மதிப்பும் உண்டு. பேச்சுவார்த்தை, ஆளுகை என்று குறுகிய வகுப்புகள். ஏற்கெனவே பதவியில் இருக்கிறவர்களுக்கு நல்லது. விக்டோரியா பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய சட்டப் படிப்பு பூர்வகுடிச் சட்ட முறைகளையும் கனடாவின் பொதுச் சட்டத்தையும் நான்கு ஆண்டில் சேர்த்தே சொல்லித் தருகிறது. நீண்ட காலப் பலன் இதில்தான் என்பது என் கணிப்பு. கனடாவின் முதற்குடிகள் பல்கலைக்கழகம் 1976இல் ரெஜைனாவில் கல்லூரியாகத் தொடங்கியது. சஸ்கடூனிலும் வளாகம் உண்டு. 2010இல் நிர்வாகக் குளறுபடியைக் காரணம் காட்டி மாகாணமும் மத்திய அரசும் அதன் நிதியை நிறுத்தின. மாணவர்களும் ஆசிரியர்களும் போராடி மீட்டார்கள். அந்தக் கதையைப் பயிற்சியில் மறைக்க வேண்டாம். தலைமைத்துவ வகுப்பில் தோல்வியையும் பேச வேண்டும். அதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

நடத்தும் முறைக்கு வருகிறேன். முதல் கூட்டத்துக்கு முன்பே மூத்தோரைப் போய்ப் பாருங்கள். மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பாதீர்கள். புகையிலை கொடுத்துக் கேட்பது அந்தப் பகுதியின் வழக்கம், ஆனால் எல்லாக் குடிகளுக்கும் ஒன்றே அல்ல. யாருக்கு எப்படி என்று உங்கள் கல்லூரியின் பூர்வகுடி ஊழியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சன்மானத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். இருபது வருடம் வேலை பார்த்த கணக்குப் பிரிவுக்காரர் ரசீது கேட்டு மூன்று மாதம் இழுத்தடிப்பார். அதை முன்கூட்டியே தீர்த்துவையுங்கள். சில கதைகளைப் பனி தரையில் இருக்கும்போது மட்டுமே சொல்வார்கள். அதனால் கால அட்டவணையை உங்கள் செமஸ்டருக்கு ஏற்ப வளைக்காமல், அவர்கள் சொல்லும் மாதத்துக்கு ஏற்ப அமையுங்கள். அனுமதியின்றி ஒலிப்பதிவு கூடாது. சாப்பாடு கட்டாயம்.

அதோடு, திட்டத்தை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி. ஒருங்கிணைப்பாளர் நீங்கள், உள்ளடக்கத்தை முடிவு செய்கிறவர் நீங்களாக இருக்கக் கூடாது. பூர்வகுடி ஆலோசனைக் குழு என்று பெயருக்கு ஒன்றை வைத்துக்கொண்டு முடிவைத் துறைத்தலைவர் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் குழுவுக்குப் பாடத்தை நிராகரிக்கும் அதிகாரமும் செலவு செய்யும் அதிகாரமும் உண்டா என்று மேலிடத்தில் இப்போதே எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால், ஊழியர்களுக்கான உடன்படிக்கைக் கல்வியை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். தலைமைத்துவப் பயிற்சியை அருகிலுள்ள பழங்குடி கவுன்சிலிடம் நிதியோடு ஒப்படைத்துவிடுவது நேர்மை.

ஊழியர் வகுப்புக்கு ஒரு நாள் பட்டறை போதாது. கூட்டத் தொடக்கத்தில், இது பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகார வாசகத்தைப் படிக்கிறவரிடம், ஆறாம் உடன்படிக்கையில் உங்கள் தரப்பு எதை வாக்குறுதி அளித்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வைத்த 94 அழைப்புகளில் 57ஆவது அரசு ஊழியர்களுக்கும், 62ஆவது பள்ளிகளுக்கும் இந்தக் கல்வியைக் கேட்கிறது. கல்லூரி நிர்வாகத்திடம் நேரமும் பணமும் கேட்க அந்த இரண்டும் உதவும்.

உங்கள் இடம் எங்கே என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நாங்கள் நேற்று வந்தவர்கள், இதில் எங்களுக்கு என்ன என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். 94ஆவது அழைப்பின்படி 2021 ஜூனில் குடியுரிமை உறுதிமொழி மாறியது. முதற்குடிகள், வடதுருவப் பகுதியின் இன்யுயிட், மெட்டி மக்களின் உடன்படிக்கை உரிமைகளை அங்கீகரிக்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்று சொல்லித்தான் இப்போது கனடியராக முடியும். உறுதிமொழிக்கு முன்பும், சஸ்கடூனில் வீடு வாங்கிய யாரும் 1876இன் பயனைத்தான் அனுபவிக்கிறார்கள். டொராண்டோவில் இருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். 1787இல் எழுதிய டொராண்டோ நிலப் பத்திரம் வெற்றுத்தாளாக இருந்தது. தலைவர்களின் குறிகள் தனித்துண்டுகளில் ஒட்டியிருந்தன. 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து 2,50,880 ஏக்கரை உறுதிசெய்தார்கள். 2010இல்தான் மிசிசாகா மக்களுக்கு 145 மில்லியன் டாலர் தீர்வு கிடைத்தது. ஒரு தமிழ்ப் பயிற்சியாளர் புதிதாகக் குடியேறியவர்களிடம் இதைச் சொல்லும்போது, வெள்ளையர் ஆசிரியர் சொன்னால் வருகிற தற்காப்பு உணர்வு பெரும்பாலும் வருவதில்லை. உங்களால் செய்ய முடிந்த தனிப்பங்கு அதுதான்: வந்தேறிகளுக்கான வகுப்பை நீங்கள் எடுங்கள், பூர்வகுடி இளைஞர்களுக்கானதை எடுக்காதீர்கள்.

தயாராவதற்கு, ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தும் 12 பாடங்கள் கொண்ட 'இண்டிஜினஸ் கனடா' இணைய வகுப்பை முதலில் முடியுங்கள். அப்புறம் ஆணையர் அலுவலகத்தின் பேச்சாளர் குழுவில் ஒருவரைக் கேளுங்கள். செப்டம்பரில் ஃபோர்ட் கப்பெல்லில் நடக்கும் நான்காம் உடன்படிக்கைக் கூடுகைக்குப் பயிற்சி பெறுகிறவர்களோடு போய் வர இப்போதே வண்டிக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்த வாரத்தில் அந்தச் சிற்றூரில் அறை கிடைப்பது கஷ்டம்.